“ஒன்றும் வேண்டாம், பிள்ளையைத் தந்தால் போதும்”

அஸர் தொழுதுவிட்டு வீட்டு விறாந்தையில் அமர்ந்து மாணவரின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு சகோதரியும் அவரது நானாவும் படலையைத் திறந்துகொண்டு வந்தார்கள். ஸலாம் சொல்லி அமர்ந்த பின், நானா சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

“மௌலவி, இதுல சாட்சிக்கு ஒரு கையொப்பம் வெச்சுத் தந்தா போதும். நாளைக்கு காதியார்ட்ட போறம்.”

வாசித்துப் பார்த்தேன். அழகான கையெழுத்து. “எனது மஹர், நகைகள், இத்தா காலச் செலவு, பிள்ளையின் செலவு ஆகிய எதனையும் இன்று முதல் நான் கோரமாட்டேன். பிள்ளை என்னிடம் இருப்பதற்கு அவர் ஆட்சேபனை தெரிவிக்கமாட்டார்” என்று எழுதியிருந்தது. அந்தச் சகோதரி இன்னும் ஒப்பமிட்டிருக்கவில்லை.

“இது உங்கட விருப்பமா?” என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “எனக்கு ஒண்டும் வேணாம் மௌலவி, புள்ளயத் தந்தாப் போதும்” என்றார். குரலில் விருப்பம் இருக்கவில்லை. களைப்புத்தான் இருந்தது.

நான் கையொப்பம் வைக்கவில்லை. அதற்குக் காரணம் என் அறிவல்ல; பதினொரு வருடங்களுக்கு முன்னர் நான் செய்த ஒரு பிழை. அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னர், அன்புச் சகோதரிகளே, அந்த ஒரு தாளில் எத்தனை ஹக்குகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன என்பதை அவிழ்த்துப் பார்ப்போம். ஏனெனில் எமது ஊர்களில் விவாகரத்து என்றால் ‘யார் பிழை’ என்பதை ஆறு மாதம் பேசுவார்கள். ‘யாருக்கு என்ன சேர வேண்டும்’ என்பதை ஆறு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள்.

மஹர் என்னும் கடன்

மஹர் பெண்ணுடையது. அவளது வாப்பாவுடையதுமல்ல, நானாவுடையதுமல்ல. மனமுவந்து கொடுக்குமாறு ஸூரதுந் நிஸாவின் நான்காவது வசனம் ஆண்களுக்குக் கட்டளையிடுகிறது. அதே வசனம்தான், அவள் தன் மனம் விரும்பி அதில் எதையேனும் விட்டுக்கொடுத்தால் அதை அனுபவிக்கலாம் என்றும் அனுமதிக்கிறது. ‘மனம் விரும்பி’ என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். பிள்ளையைப் பறித்துவிடுவோம் என்ற பயத்தில் விட்டுக்கொடுப்பது எந்த வகையில் மனவிருப்பமாகும்?

கணவன் தலாக் சொல்லி, இருவரும் இல்லறத்தில் சேர்ந்திருந்தால், முழு மஹரும் அவளுக்குரியது. இல்லறத்துக்கு முன்னரே தலாக் நடந்து, மஹர் தொகை பேசப்பட்டிருந்தால் அதில் பாதி. ஒரு குவியலையே கொடுத்திருந்தாலும் அதிலிருந்து எதையும் திரும்ப எடுக்காதீர்கள் என்று குர்ஆன் ஆண்களைத் தடுக்கிறது. கொடுக்கப்படாத மஹர் கடன். கணவன் மரணித்தால்கூட, வாரிசுகள் சொத்தைப் பங்கிடுமுன் அந்தக் கடன் தீர்க்கப்பட வேண்டும்.

நடைமுறையில் நான் கண்டது வேறு. நிகாஹ் மஜ்லிஸில் ‘மஹர் கொடுக்கப்பட்டது’ என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். பெண் உள்ளறையில் இருப்பாள். ஒரு சதமும் அவள் கையில் பட்டிருக்காது. “அது பிறகு பார்த்துக் கொள்ளலாம்” என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். பத்து வருடம் கழித்துக் காதி நீதிமன்றத்தில் நிற்கும்போது அந்த ஒரு சொல் அவளுக்கெதிராகப் பேசும். தன் மகளின் நிகாஹ் நடக்கும் உம்மாமார், பதிவேட்டில் என்ன எழுதப்படுகிறது என்று ஒரு தடவை கேட்டறிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கைக்கூலி, நகை, அடகுத் துண்டு

மஹர் ஆயிரத்தில் இருக்க, கைக்கூலி இலட்சத்தில் இருக்கும் சமூகம் நாம். இந்த வழக்கத்துக்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை. மஹரின் திசையையே அது புரட்டிப்போட்டுவிட்டது. ஆனால் சட்டம் இதைக் கண்டும் காணாமல் விடவில்லை. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், மணமகளின் உபயோகத்துக்கென மணமகனிடம் கொடுக்கப்பட்ட அல்லது கொடுப்பதாக வாக்களிக்கப்பட்ட பணத்தையும் அசையும் பொருட்களையும் ‘கைக்கூலி’ என்றே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதை மீளக் கோரும் உரிமை மனைவிக்கு உண்டு. காதி நீதவானிடம் அதற்காக விண்ணப்பிக்கலாம். மணமகனின் ‘கைச்செலவுக்கு’ என்று சொல்லிக் கொடுத்திருந்தாலும், அது அவளுக்காக அவனிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் என்பதே சட்டத்தின் பார்வை.

பிரச்சினை நிரூபிப்பதில்தான். கொடுத்தவர் வாப்பா, வாங்கியவர் மருமகன், எழுதிவைத்தவர் எவருமில்லை. “பள்ளித் தலைவர் முன்னாலதான் குடுத்தோம்” என்பார்கள். பள்ளித் தலைவர் மௌத்தாகி ஏழு வருடம் இருக்கும்.

நகைக்கு வருவோம். ஒரு பெண்ணிடம் இருக்கும் நகை மூன்று வழிகளில் வந்திருக்கும். வாப்பா வீட்டிலிருந்து போட்டு வந்தது அவளுடையது. மஹராகக் கிடைத்தது அவளுடையது. கணவன் அன்பளிப்பாகப் போட்டு, அவள் கையேற்றுக்கொண்டதும் அவளுடையதுதான். கொடுத்துக் கையளித்த அன்பளிப்பைத் திருப்பிக் கேட்பதை எமது ஷாபிஈ மத்ஹப் அனுமதிப்பதில்லை. பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்தது மட்டுமே அதற்கு விதிவிலக்கு. ஆகவே ‘நான் போட்ட சங்கிலியைக் கழற்று’ என்று தலாக்கின்போது கேட்பது மார்க்கப்படியும் இழிவு, ஆண்மைப்படியும் இழிவு.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்தக் கட்டத்தில் கழற்ற நகையே இருப்பதில்லை. கணவன் கட்டாருக்கோ சவூதிக்கோ போவதற்கு ஏஜென்சிக்குக் கட்டிய பணம் அவளது வளையல். கடை போட்டபோது வைத்த முதல் அவளது மாலை. “உனக்குத்தானே, திருப்பித் தாறன்” என்ற சொல்லோடு வங்கிக்குப் போனவை அவை. இது அன்பளிப்பா, கடனா? திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கியது கடன். கணவன் மனைவிக்கிடையிலும் கடன் கடன்தான். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதுமல்ல. கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. நாம் அதை அழகாக ஓதுகிறோம், எழுதுவதில்லை. அடகுத் துண்டை, நகைக்கடை பில்லை, வங்கிப் புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கும் பெண்ணைச் சந்தேகக்காரி என்று சொல்லாதீர்கள்.

வீடு யாருடையது?

நான் கிழக்கிலே பிறந்து, தென்மேற்குக் கரையில் பதினைந்து வருடம் படிப்பித்தவன். இரண்டு பக்கத்து வழக்கமும் தெரியும். காத்தான்குடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை அந்த வீட்டுக்கு எடுப்பார்கள். பிரிவினை வந்தால் மாப்பிள்ளைதான் உடுப்புப் பையோடு வெளியேறுவார். களுத்துறைப் பக்கத்தில் பெரும்பாலும் பெண்தான் பையோடு உம்மா வீட்டுக்குத் திரும்புவாள். பிள்ளையின் பாடசாலையும் மாறும், மத்ரஸாவும் மாறும். குர்ஆனோ, தலாக் சொல்லப்பட்ட பெண்ணை இத்தா முடியும்வரை அவள் வாழ்ந்த வீட்டிலிருந்து வெளியேற்றாதீர்கள் என்கிறது, தெளிவான மானக்கேடான செயல் ஒன்று இருந்தாலன்றி. கோபத்தில் தலாக் சொன்ன அன்றிரவே அவளை முச்சக்கர வண்டியில் ஏற்றி அனுப்பும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

கிழக்கிலும் சிக்கல் இல்லாமலில்லை. உறுதி அவள் பெயரில் இருக்கும். மேல்மாடியும் மாபிளும் அவன் வெளிநாட்டில் உழைத்த காசு. “நான் போட்ட காசைத் தா” என்று அவன் கேட்பான். சில இடங்களில் இதற்கு மாறாக, பெண்ணின் வாப்பா கொடுத்த காணியை மருமகன் பெயரிலும் சேர்த்து எழுதியிருப்பார்கள். அப்போது நிலைமை இன்னும் கடினம். ஒன்றை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள்: காணி, வீடு பற்றிய பிணக்கைக் காதி நீதவான் தீர்க்க முடியாது. அவரது அதிகாரத்தில் உள்ள கைக்கூலி அசையும் பொருட்கள் மட்டுமே. அசையாச் சொத்துக்கு மாவட்ட நீதிமன்றம்தான் போக வேண்டும். ஆகவே விவாகரத்துப் பேச்சு நடக்கும்போது உறுதியைப் பற்றி எவராவது ‘காதியாரிடமே முடித்துக்கொள்வோம்’ என்றால், ஒரு சட்டத்தரணியிடமோ நொத்தாரிசிடமோ காட்டாமல் எதிலும் ஒப்பமிடாதீர்கள். கட்டணம் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

எந்த வாசலால் வெளியேறுவது?

தலாக், குல்உ, பஸ்ஹு ஆகிய மூன்றும் பிரிவினைதான். ஆனால் பண விடயத்தில் மூன்றுக்கும் பாரிய வேறுபாடு உண்டு. இதை விளங்காமல் எமது சகோதரிகள் பலர் நஷ்டப்படுகிறார்கள்.

கணவன் தலாக் சொல்ல விரும்பினால், முதலில் மனைவி வசிக்கும் பகுதிக் காதியிடம் அறிவிக்க வேண்டும். காதியார் உறவினரையும் ஊர்ப் பெரியவர்களையும் கொண்டு சமாதானம் செய்ய முயல வேண்டும். முப்பது நாள் கழிந்தும் சமாதானம் ஆகாவிட்டால்தான், காதிக்கும் இரு சாட்சிகளுக்கும் முன்னிலையில் தலாக் சொல்லலாம். இங்கே அவளது மஹரும், இத்தா காலத் தாபரிப்பும் அவன்மீது கடமை.

அவன் அடிக்கிறான், செலவுக்குத் தருவதில்லை, விட்டுப் போய்விட்டான் என்றால் அவள் பஸ்ஹு கோரலாம். காதியார் மூன்று ஜூரிமாருடன் இருந்து விசாரிப்பார், சாட்சிகள் வேண்டும், காலம் எடுக்கும். ஆனால் குற்றம் அவனுடையது என்பதால் அவள் பெற்ற மஹரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

குல்உ என்பது, கணவனிடம் குற்றம் இல்லாமலிருக்க, அவளுக்கு அவனோடு வாழ மனமில்லாதபோது, எதையேனும் ஈடாகக் கொடுத்து விலகுவது. ஸாபித் இப்னு கைஸ் (ரழி) அவர்களின் மனைவி, கணவரின் மார்க்கத்திலோ குணத்திலோ குறை சொல்லவில்லை. மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். நபி (ஸல்) அவர்கள் பிரித்துவைத்தார்கள்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். அடிபட்டு வந்த பெண்ணிடம், “பஸ்ஹுக்குப் போனால் இரண்டு வருடம் இழுபடும், குல்உ எழுதினால் கெதியா முடியும்” என்கிறார்கள். சொல்பவர் நல்ல எண்ணத்தோடும் சொல்லலாம். ஆனால் அடித்தவன் காசும் பெற்றுக்கொண்டு போகிறான். கொடுத்ததில் ஒரு பகுதியைப் பிடுங்குவதற்காகப் பெண்களை நெருக்கடிக்குள்ளாக்காதீர்கள் என்று ஸூரதுந் நிஸா தடுத்திருப்பது இதைத்தான். தலாக் சொல்ல வேண்டியவன் சொல்லாமல் தொங்கவிட்டு, அவளாகவே வாய்திறந்து ‘எதுவும் வேண்டாம், விட்டால் போதும்’ என்று சொல்லும்வரை காத்திருப்பதும் இந்த வகையே.

காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது என்பதையும் நினைவிற்கொள்க. ஏழைப் பெண்ணுக்குச் செலவில்லாமல் இருக்கட்டும் என்பது இதில் ஒரு நன்மை. ஆனால் பேசத் தெரிந்த கணவனுக்கு முன்னால் பேசத் தெரியாத மனைவி தனியே நிற்க நேர்கிறது. ஆகவே போகுமுன் என்ன கேட்கப் போகிறோம் என்பதைத் தனித்தனியாக எழுதிக்கொண்டு போங்கள். தீர்ப்பில் குறையிருந்தால் காதிமார் சபைக்கு மேன்முறையீடு உண்டு. அதற்கு மேல் அனுமதி பெற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போகலாம்.

இத்தா காலத் தாபரிப்பைப் பற்றிப் பலருக்கும் தெரியும். மதாஉ பற்றித்தான் தெரியாது. தலாக் சொல்லப்பட்ட பெண்களுக்கு நியாயமான முறையில் ஏதேனும் கொடுத்தனுப்ப வேண்டும் என்று ஸூரதுல் பகராவில் இருமுறை வருகிறது. இல்லறம் நடத்திய பின் தன் குற்றமின்றித் தலாக் சொல்லப்பட்டவளுக்கு இது கட்டாயம் என்பதே ஷாபிஈ மத்ஹபில் வலுவான கருத்து. 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தில் இந்தப் பெயர் இல்லாததால் பல இடங்களில் பேசப்படாமலே போய்விடுகிறது. சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009 இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் ஸலீம் மர்ஸூப் தலைமையிலான குழு, ஒன்பது வருடம் கழித்து 2018 இல் தன் அறிக்கையை இரு பிளவுபட்ட கருத்துகளோடு கொடுத்தது. ஆலிம்களும் சட்டத்தரணிகளும் வாதாடட்டும். மதாஉ கேட்பதற்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. கேளுங்கள், கேட்டது பதிவில் இருக்கட்டும்.

பிள்ளையின் ஹக்கு

இப்போது அந்தத் தாளின் மிகப் பெரிய பிழைக்கு வருகிறேன். மஹரை அந்தச் சகோதரி விட்டுக்கொடுக்கலாம், அது அவருடையது. பிள்ளையின் செலவை விட்டுக்கொடுக்க அவர் யார்? அது பிள்ளையுடையது. உம்மா இயலுமானால் தன் உழைப்பிலிருந்து செலவு செய்யட்டும், அது ஸதகா. அதனால் வாப்பாவின் கடமை நீங்கிவிடாது. பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் கொடுப்பது தந்தைமீது கடமை என்று குர்ஆன் சொல்கிறது. தலாக்கான பின் அவள் பாலூட்டினால் அதற்குக் கூலி கொடுக்கச் சொல்கிறது. தந்தைக்கு வசதியே இல்லாவிட்டால் தந்தையின் தந்தைமீது அந்தப் பொறுப்பு போகிறது என்பது எமது மத்ஹபின் சட்டம். அந்த வாப்பப்பாமார் இதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்!

பிள்ளைத் தாபரிப்பை விவாகரத்து வழக்கோடுதான் கேட்க வேண்டும் என்பதில்லை. தனியாகவும் காதியாரிடம் விண்ணப்பிக்கலாம். பிள்ளை வளர, செலவு கூட, தொகையைக் கூட்டித் தருமாறும் கேட்கலாம். அவனது வருமானம் உண்மையில் குறைந்தால் குறைக்குமாறு அவனும் கேட்கலாம். கட்டளையிட்ட தொகையைக் கட்டாமல் விட்டால், காதியார் அதை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பி, குற்றப்பணம் அறவிடுவதைப் போல அறவிடச் செய்யலாம். ஆள் வெளிநாட்டில் இருந்தால் இதெல்லாம் கடினம்தான். அதனால்தான் அவன் ஊரில் இருக்கும்போதே கட்டளையைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன்.

பிள்ளை யாரிடம் இருப்பது? ஒரு பெண் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, என் வயிறு இவனுக்குப் பாத்திரமாக இருந்தது, என் மடி இவனுக்குப் பாதுகாப்பாக இருந்தது, இப்போது இவன் தந்தை என்னை விலக்கிவிட்டு இவனைப் பறிக்கப் பார்க்கிறார் என்ற கருத்தில் முறையிட்டார். நீ மறுமணம் செய்யாதவரை உனக்கே அதிக உரிமை என்று நபியவர்கள் தீர்ப்பளித்ததாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உமர் (ரழி) அவர்களே தம் மகன் ஆஸிமைக் குபாவில் கண்டு, தூக்கிக்கொண்டு போக முற்பட்டபோது, கலீபா அபூபக்ர் (ரழி) அவர்கள் பிள்ளையைத் தாய்வழியாரிடமே விடச் சொன்னார்கள். உமர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஊர் வாப்பாமார் உமரை விடப் பெரியவர்களா?

ஷாபிஈ மத்ஹபின்படி, நன்மை தீமை பிரித்தறியும் வயதுவரை, அதாவது ஏறத்தாழ ஏழு வயதுவரை, ஹழானா என்னும் பராமரிப்பு உரிமை தாய்க்கே முதலில். அதன்பின் பிள்ளை, உம்மாவா வாப்பாவா என்று தானே தெரிவு செய்யும். ஆணாயினும் பெண்ணாயினும் இதுதான். (ஹனபி மத்ஹபில் கணக்கு வேறு.) தாய் அந்நியர் ஒருவரை மறுமணம் செய்தால் அவளது முன்னுரிமை நீங்கும். ஆனால் பலரும் நினைப்பது போல் உடனே வாப்பாவின் புது மனைவியிடம் பிள்ளை போய்விடாது; அடுத்த உரிமை உம்மாவின் உம்மாவுக்கு. ஹம்ஸா (ரழி) அவர்களின் மகளுக்காக அலீ, ஸைத், ஜஃபர் (ரழி) மூவரும் வாதாடியபோது, நபியவர்கள் அச்சிறுமியின் சாச்சியை மனைவியாகக் கொண்டிருந்த ஜஃபரிடம் ஒப்படைத்தார்கள். தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்றார்கள்.

இந்த நாட்டில் பிள்ளைப் பராமரிப்புப் பற்றித் தீர்ப்பளிக்கும் அதிகாரம் காதி நீதவானுக்குக் கொடுக்கப்படவில்லை. அவர் சமாதானம் பேசி உடன்பாடு காணச் செய்யலாம். பிணக்கென்றால் மாவட்ட நீதிமன்றம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் ஆட்கொணர்வு மனு. அந்த நீதிமன்றங்கள் முஸ்லிம் சட்டத்தைக் கவனத்திலெடுக்கின்றன. பிள்ளையின் நலனையும் பார்க்கின்றன. ஆக, அந்தத் தாளில் ‘பிள்ளை என்னிடம் இருப்பதற்கு அவர் ஆட்சேபனை செய்யமாட்டார்’ என்று எழுதியிருந்ததே, அது எதை அவருக்கு வாங்கிக் கொடுத்தது? ஐந்து வயதுப் பிள்ளை விடயத்தில் ஏற்கனவே தன் கையில் இருந்த உரிமையை, அவர் தன் மஹரையும் நகையையும் கொடுத்து விலைக்கு வாங்க வந்திருந்தார்.

உம்மாமாருக்கும் ஒரு வார்த்தை உண்டு, கோபிக்கக் கூடாது. பிள்ளை உங்களிடம் இருப்பதால் வாப்பா அந்நியராகிவிடமாட்டார். வெள்ளிக்கிழமை பார்க்க வருபவரிடம் “புள்ள நித்திர” என்று சொல்லி அனுப்புவது, “காசு தந்தாத்தான் காட்டுவன்” என்பது, ஏழு வயதுப் பிள்ளையின் வாயால் பாக்கிப் பணத்தைக் கேட்டனுப்புவது, இவை எல்லாம் என் வகுப்பறைக்கு வந்து சேருகின்றன. திங்கட்கிழமை காலையில் எந்தப் பிள்ளை எந்த வீட்டில் சனி, ஞாயிறைக் கழித்தது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். தந்தையால் தாய்க்கோ, தாயால் தந்தைக்கோ பிள்ளையைக் கொண்டு தீங்கு வரலாகாது என்று குர்ஆன் இரு பக்கத்தையும் ஒரே வசனத்தில்தான் எச்சரித்திருக்கிறது.

என் பிழை

பதினொரு வருடங்களுக்கு முன்னர், நான் கடமையாற்றிய ஓர் ஊரில் பள்ளிவாசல் இணக்க சபையில் என்னையும் சேர்த்திருந்தார்கள். ஒரு தம்பதியின் பிணக்கு மூன்று இரவுகள் இழுபட்டது. மாப்பிள்ளை பக்கம் இறங்கி வரவில்லை. மூன்றாம் இரவு பதினொரு மணியிருக்கும். அந்தப் பெண் நான்கு வயது மகனை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் சொன்னேன்: “தங்கச்சி, துன்யாவுடைய காசு போனாப் போகட்டும். எல்லாத்தையும் ஹலாலாக்கி விடுங்க. புள்ளயோட நிம்மதியா இருங்க. அல்லாஹ் தருவான்.” ஒரு தாள் கேட்டு வாங்கி, இன்று வந்த தாளில் இருந்த அதே வார்த்தைகளை என் கையாலேயே எழுதினேன். அவர் ஒப்பமிட்டார். எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னோம். தேநீர் வந்தது.

அல்லாஹ் தருவான் என்பது உண்மை. ஆனால் அவன் தந்திருந்த ஹக்கை நானே எழுதி இல்லாமலாக்கினேன். இரண்டு வருடத்துக்குள் அந்தச் சகோதரி வீட்டுப் பணிப்பெண்ணாக குவைத்துக்குப் போனார். நிம்மதியாக இருக்கட்டும் என்று நான் சொன்ன அந்தப் பிள்ளை உம்மம்மாவிடம் வளர்ந்தான். எந்தப் பிள்ளைக்காக எல்லாவற்றையும் கொடுத்தாரோ, அந்தப் பிள்ளையோடு அவர் இருக்கவில்லை.

அல்லாஹ்வின் நாட்டம், இடமாற்றம் பெற்று நான் வந்த பாடசாலையில் அந்த மகனும் சேர்ந்தான். இப்போது பதினைந்து வயது. என் இஸ்லாம் பாட வகுப்பில் மூன்றாவது வரிசை. சென்ற தவணையில் அவனுக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் தேவைப்பட்டது. மூலப் பிரதி வாப்பா வீட்டில். அங்கே போகத் தயங்குகிறான் என்று உம்மம்மா வந்து சொன்னார். பிரதேச செயலகத்தில் வேறு பிரதி எடுக்கலாம் என்று சொல்லி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தேன். அப்போது அந்த மூதாட்டி, “அந்தக் காயிதம் எழுதினதால இனி ஒண்டும் கேக்க ஏலாதுதானே ஹஸரத்?” என்றார். என்னை யாரென்று அவருக்கு ஞாபகமிருந்ததா தெரியவில்லை.

கேட்கலாம் என்றேன். அந்தத் தாள் பிள்ளையின் ஹக்கைக் கட்டுப்படுத்தாது என்று, பதினொரு வருடம் பிந்தி, விளக்கினேன். மகன் பெயரில் தாபரிப்பு விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. அந்த வாப்பாவுக்கு இப்போது வேறு குடும்பம், நான்கு பிள்ளைகள். அவர்களுக்கும் உணவு வேண்டும் என்பதையும் காதியார் பார்க்கத்தான் வேண்டும். பெரிய தொகை எதையும் நான் எதிர்பார்க்கவில்லை.

அஸருக்குப் பின் வந்த சகோதரி தாளை என்னிடமே விட்டுச் சென்றார். காதியாரிடம் தனித்தனியாக எழுதிக்கொண்டு போனார்: மஹர், நகை, இத்தா, மதாஉ, பிள்ளைச் செலவு. மஹர் இரண்டு தவணையில் கிடைத்தது. நகையில் பில் இருந்த வளையல் இரண்டுக்கு மட்டும் அவன் ஒப்புக்கொண்டான். மதாஉ மறுக்கப்பட்டது, மேன்முறையீடு செய்வதா என்று நானாவோடு யோசித்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைக்கு மாதம் 12,000 ரூபா. இரு வாரத்துக்கொரு வெள்ளி வாப்பா வந்து கூட்டிக்கொண்டு போய் மஃரிபுக்கு முன் கொண்டுவந்து விடுகிறார் என்று கேள்வி.

மற்ற வழக்கின் விசாரணை வரும் மாதம். எதிர்த்தரப்பு அந்தப் பழைய தாளைக் கொண்டுவரப் போகிறதாம். எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. இது யாருடைய கையெழுத்து என்று காதியார் கேட்பார். அந்த மகனும் அங்கே இருப்பான்.